மரம் வெட்டுற தொழிலுக்கு முழுசா எறங்கப்போறேன், மொதல்ல மெஷின் வாங்குறதா கயிறு வாங்குறதா?

கொடுங்கையூர் 24

எல்லாருக்கும் வணக்கம். கொடுங்கையூர்லேர்ந்து எழுதுறேன், வயசு 24. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு மணலி பக்கம் காண்ட்ராக்ட்ல வேலை செஞ்சினு இருந்தேன், போன வருஷம் ஆள் கொறச்சாங்க, அதோட வீட்டுல ஒக்காந்துட்டேன். அப்புறம் எங்க தாய்மாமா கூட மரம் வெட்டப் போக ஆரம்பிச்சேன். மாமா 30 வருஷமா இதே தொழில்தான். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், மூலக்கடை, மாதவரம், சில நேரம் திருவொத்தியூர் வரைக்கும் போவோம். தென்னைல மட்டை கழிக்கிறது, தேங்கா எறக்குறது, சர்வீஸ் ஒயர் மேல சாஞ்ச வேப்பங்கிளைய எடுக்குறது, பட்டுப்போன மரத்த முழுசா எறக்குறது, இதான் வேலை. கீழ நின்னு கயிறு புடிக்கிறதுக்கு எனக்கு ஒரு நாளைக்கு 700 குடுக்கறார்.

மாமாகிட்ட இருக்கிற சாமான் ரெண்டு அரிவாள், ஒரு கோடாலி, ஒரு கைரம்பம், மூங்கில் ஏணி, காசிமேட்டுல எப்பவோ வாங்கின நைலான் கயிறு ஒண்ணு. அவ்ளோதான். பெல்ட்டு கெடையாது, ஹெல்மெட் கெடையாது. ரொம்ப ஒசரமா இருந்தா அந்தக் கயிறையே இடுப்புல கட்டிப்பார்.

போன மாசம் மாதவரம் பால் பண்ணை பக்கம் ஒரு வீட்டுல தூங்குமூஞ்சி மரம். மொட்டை மாடி மேல போன ஒரு கிளை, தொடை கனம் இருக்கும், அத மட்டும் எடுக்கணும். மாமா கவையில நின்னுகினு மேலேர்ந்து ரம்பம் போட்டார். பாதி தாண்டினதும் படார்னு ஒரு சத்தம், கிளை ஒடிஞ்சு தொங்கி, அடிமரத்து பட்டையை ரெண்டடிக்கு உரிச்சுகினு வந்து ஏணிய ஒரு தட்டு தட்டிச்சு. ஏணி விழுந்துருச்சு. மாமாவுக்கு கால் வழுக்கி ரெண்டு கையால தொங்கினார். 18 அடி இருக்கும். கீழ நான் கயிறை புடிச்சுகினு நிக்கிறேன், அந்தக் கயிறு மேல எதுலயும் கட்டியே இல்ல, எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. அவரே காலைத் தூக்கி கிளை மேல போட்டு ஏறிட்டார். எறங்கி வந்து தண்ணி குடிச்சார், ஏணிய நிமித்தினார், மறுபடியும் ஏறிட்டார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அம்மா இந்த வேலையே வேணாம்னு சொல்றாங்க. எனக்கு வேலை புடிச்சிருக்கு, மரத்து மேல ஏறினா மனசு தெளிவா இருக்கு, ஆனா இப்படி இல்ல, முறையா செய்யணும். கையில 35,000 சேத்து வெச்சிருக்கேன். தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய செயின் சா (மெஷின் ரம்பம்) ஒண்ணு 9,000க்கு தரேன்னு சொல்றார். மெஷின் இருந்தா பெரிய வேலை புடிக்கலாம்னு மாமாவும் சொல்றார். மெஷின் வாங்குறதா, இல்ல பெல்ட்டு கயிறு வாங்குறதா? இந்தத் தொழில்ல இருக்கறவங்க சொல்லுங்க.

ஓட்டேரி கப்பி

தம்பி, நான் 22 வருஷமா மரத்துலதான் இருக்கேன். உன் கேள்விக்கு பதில் ஒரே வரிதான், அந்த 35 ஆயிரத்துல மெஷினுக்கு இப்போதிக்கு ஒத்த ரூபா போடாத. மெஷின் வேலைய சீக்கிரம் முடிக்கும், கயிறு உன்ன வீட்டுக்கு கொண்டுபோய் சேக்கும். மெஷின் தேவைப்பட்ட அன்னிக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம், ஆளோட கூப்ட்டுக்கலாம். கயிறும் பெல்ட்டும் உன்னோடதா இருக்கணும், உன் கண்ணு முன்னாடி வாங்கினதா இருக்கணும், யார்கிட்டயும் குடுக்கக் கூடாது.

மொதல்ல உங்க மாமாவுக்கு அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு சொல்றேன், ஏன்னா அது புரிஞ்சா பாதி தொழில் புரிஞ்ச மாதிரி. கிளைய மேலேர்ந்து மட்டும் அறுத்தா, பாதில மேல்பக்கம் நார் அறுந்து போயிடும், அடிப்பக்கம் நார் அப்படியே பிடிச்சுகினு இருக்கும். கிளையோட கனம் கீழ இழுக்கும்போது அந்த அடி நார் பட்டையோட சேத்து அடிமரம் வரைக்கும் கிழிச்சுகினு வரும். அதனால மூணு வெட்டு. அடிமரத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி கிளைக்கு அடியில மொத வெட்டு, கால்வாசி ஆழம் போதும், அதுக்கு மேல போனா ரம்பம் கவ்விக்கும். அப்புறம் அதுக்கு கொஞ்சம் வெளிய தள்ளி மேலேர்ந்து ரெண்டாவது வெட்டு. இப்ப கிளை ஒடிஞ்சாலும் கிழிசல் அடிவெட்டு கிட்ட வந்து நின்னுடும். கனம் எல்லாம் போனப்புறம் மீதி இருக்கிற முண்டை நிதானமா மூணாவது வெட்டுல எடுக்கணும். ஒரு கிளைக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆவும். அந்த அஞ்சு நிமிஷத்த மிச்சம் புடிச்சதுதான் உங்க மாமாவ தொங்க விட்டுது.

அடுத்தது இடுப்புல கயிறு கட்டுறது. தயவுசெஞ்சு இத இன்னியோட நிறுத்தச் சொல்லு. வெறும் இடுப்புக் கட்டுல விழுந்தா கயிறு மேல ஏறி விலா எலும்ப இறுக்கும், மூச்சு வாங்க முடியாது, தலைகீழா கவுந்தாலும் கவுந்துடும். தொடை ரெண்டையும் சேத்து புடிக்கிற பெல்ட்டு வேணும். கட்டட வேலைக்கு விக்கிற பெல்ட்டுல முதுகுல மட்டும் ஒரு வளையம் இருக்கும், அது விழுந்தா புடிக்கிறதுக்கு, மரத்துல ஒக்காந்து வேலை செய்ய ஆவாது. நமக்கு இடுப்புக்கு ரெண்டு பக்கமும் வளையம், முன்னாடி தொப்புள் கிட்ட ஒரு வளையம், இது இருக்கணும். போட்டுகினு கடையிலயே ஒரு பத்து நிமிஷம் தொங்கிப் பாரு, கடைக்காரர் முறைச்சாலும் பரவால்ல. தொடை மரத்துப் போச்சுன்னா அது உன் சைசு இல்ல.

கயிறு ரெண்டு வெவ்வேற வாங்கணும். நீ ஏறுற கயிறு ஒண்ணு, கிளை எறக்குற கயிறு ஒண்ணு. ரெண்டையும் கலக்கவே கூடாது. கிளை எறக்குற கயிறு அடிபடும், தேயும், ஒரு தடவ பெரிய கட்டை வேகமா விழுந்து இழுத்துச்சுன்னா உள்ளார நரம்பு போயிருக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. அதுல போய் ஆள் தொங்கக் கூடாது. ஏறுற கயிறு உள்ள நரம்பும் மேல பின்னல் உறையுமா இருக்கிறது, 11லேர்ந்து 13 மில்லி, ரொம்ப நீளாத ரகம். நான் ஏறுறது சிவப்பு, கூட வர்ற பசங்க கிளை எறக்குறது நீலம். கலர் வெச்சுக்கிட்டா அவசரத்துல கூட மாறாது.

அப்புறம் மரத்த சுத்திப் போடுற சின்னக் கயிறு, உள்ள ஸ்டீல் ஒயர் இருக்கிறது. இத ஏன் சொல்றேன்னா என் சொந்த அனுபவம். தொழிலுக்கு வந்து ஆறாவது வருஷம், புளியந்தோப்புல ஒரு அரசமரம், வேகமா அரிவாள் வீசுறேன், கிளைக்கு அந்தப் பக்கம் என் கயிறு சுத்தி இருக்கிறது மறந்துபோச்சு. ஒரே வீச்சு. கயிறு அறுந்த சத்தம் கூட கேக்கல, வெண்ணெய வெட்டின மாதிரி போச்சு. ஒரு கால் கவையில மாட்டிகினு இருந்ததால இன்னிக்கு இத எழுதினு இருக்கேன். அன்னிலேர்ந்து ரம்பமோ அரிவாளோ மெஷினோ, எது கையில எடுத்தாலும் ரெண்டு எடத்துல மாட்டிகினுதான் எடுப்பேன். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கணும்.

கயிறுல ஏறுறதுக்கு புரூசிக் முடிச்சு கத்துக்க. ஆஸ்திரியாக்காரர் கார்ல் புரூசிக் 1931ல வெளியிட்டது, மலையேறுறவங்களுக்காக. பெரிய கயிறு மேல சின்னக் கயிற மூணு சுத்து சுத்திப் போடுறது, கனம் விழுந்தா இறுக்கி புடிச்சுக்கும், கையால தள்ளினா நகரும். தரையில ஒரு கம்பத்துல கட்டி ஒரு வாரம் பழகு, கண்ண மூடிகினு போடத் தெரிஞ்சதும் மரத்துக்குப் போ. மேல கயிறு போடுறதுக்கு 300 கிராம் மணல் மூட்டை ஒண்ணு தச்சு மெல்லிசு நூல் கயித்துல கட்டி வீசு, கவையில விழுந்தா அதுலேர்ந்து பெரிய கயிற இழுத்துக்கலாம். மொத மாசம் கவை தவிர எல்லா எடத்துலயும் விழும். விடாம வீசு.

கப்பி போட்டு கட்டை எறக்குறது பத்தி சொல்லணும், என் பேரே அதானே. ஒரு அடி குறுக்களவு, மூணு அடி நீளம், அவ்ளோதான், பச்ச மரத்துண்டு 60 கிலோ கிட்ட வரும். ஒரு ஆள் கனம். அது ரெண்டு மூணு அடி சும்மா விழுந்து கயிறுல நிக்கும்போது கயிறுக்கு வர்ற இழுப்பு 60 கிலோ இல்ல, அதப்போல பல மடங்கு. அத வெறும் கையால புடிக்கலாம்னு நெனச்சா உள்ளங்கை தோலு கயித்தோட போயிடும். அடிமரத்துல ரெண்டு சுத்து சுத்திட்டு விடு, மரமே பிரேக் புடிக்கும், ஒரு சின்னப் பையன் கூட மெதுவா எறக்கலாம். கயிறு புடிக்கிறவன் கயித்து வளையத்துக்குள்ள கால் வெக்கக் கூடாது. இது உனக்குத்தான், நீதானே கீழ நிக்கிற.

மரத்துல ஏறுறதுக்கு முன்னாடி சுத்தி வா. நான் மூணு சுத்து வருவேன். மொத சுத்து தரை பாப்பேன், வேர் கிட்ட மண்ணு வெடிச்சிருக்கா, கால்வாய் தோண்டி ஒரு பக்க வேர வெட்டி இருக்காங்களா, அடில காளான் மாதிரி கெட்டியா ஏதாவது ஒட்டினு இருக்கா. நம்ம ஏரியால பாதி மரத்துக்கு அடில கழுத்து வரைக்கும் சிமெண்ட் போட்டு வெச்சிருக்காங்க, அந்த சிமெண்ட்டுக்கு அடில இன்னா இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டாவது சுத்து அடிமரம், மரச் சுத்தியலால தட்டுவேன், கெட்டியா டக்குனு கேக்கும், உள்ள பொந்துன்னா பறை மாதிரி கேக்கும். மூணாவது சுத்து மேல பாப்பேன், காஞ்ச கிளை, ஒயர், தேன்கூடு, கதம்ப வண்டு. கதம்ப வண்டு கூடு இருந்தா அன்னிக்கு வேலை இல்ல, ஃபயர் சர்வீசுக்கு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்துடு. காக்கா கூட்டுல குஞ்சு இருந்தாலும் நான் வீட்டுக்காரர்கிட்ட மூணு வாரம் தள்ளிப் போடச் சொல்வேன், பெரும்பாலும் கேட்டுப்பாங்க.

மரத்துக்கு மரம் கொணம் வேற. முருங்கை எவ்ளோ பருமனா இருந்தாலும் ஏறாத, வேதாளம்தான் அதுல ஏறும், மனுஷன் ஏறினா முன்னறிவிப்பு இல்லாம ஒடியும். ஏணி போட்டு செய். குல்மொஹர் பாக்க அழகு, கிளை பட்டுனு முறியும். புளி பெரும்பாலும் வளைஞ்சு சொல்லிட்டுதான் முறியும், உனக்கு ஒரு நொடி நேரம் குடுக்கும். தென்னைய அடியோட எடுக்கும்போது தலைலேர்ந்து துண்டு துண்டா எறக்கிகினு வரணும், எட நெருக்கடியான தெருவுல வேற வழி கெடையாது.

வர்தா புயல் பத்தி ஒண்ணு சொல்லிட்டு நிறுத்திக்கிறேன். 2016 டிசம்பர் 12. அடுத்த நாள் காலைலேர்ந்து 19 நாள் வீட்டுக்கு தூங்க மட்டும்தான் போனேன். பெரம்பூர்ல வேரோட சாஞ்ச ஒரு மரம், வேர்த்தட்டு மண்ணோட சேந்து ஆள் ஒசரத்துக்கு எழும்பி நிக்குது, ரெண்டு பசங்க அந்தக் குழில எறங்கி நின்னுகினு செல்ஃபி எடுக்கறானுங்க. நான் கத்தி வெளிய வரவெச்சேன். பத்து நிமிஷம் கழிச்சு நடு மரத்த அறுத்ததும், மேல்பக்க கனம் போயிடுச்சா, அந்த வேர்த்தட்டு அப்படியே எழுந்து குழிக்குள்ள டொம்முனு ஒக்காந்துச்சு. தரை அதிர்ந்துச்சு. புயலுக்கு அப்புறம் வேலைக்கு கூப்புடுவாங்க, காசு நெறைய வரும், அன்னிக்கு உங்க மாமாவோட 30 வருஷ அனுபவம் போதாது, சாஞ்சு கெடக்குற மரம் உள்ள வில்லு மாதிரி இழுத்து வெச்சினு இருக்கும். எந்தப் பக்கம் இழுவைல இருக்கு, எந்தப் பக்கம் அமுங்கி இருக்குன்னு பாக்காம ரம்பம் வெக்காத.

பாரீஸ் செயின்சா ரிப்பேர்

ப்ரோ, அண்ணன் சொன்னத நானும் சொல்றேன், நான் மெஷின் ரிப்பேர் பண்றவன் எனக்கு மெஷின் வித்தாத்தான் லாபம், இருந்தாலும் மொதல்ல வாங்காதீங்க. ஆனா என்னிக்காவது வாங்குவீங்க, அதுக்காக இத எழுதுறேன்.

அந்த 9,000 ரூபா பழைய மெஷின் பாக்கப் போனா சைலன்சர் ரெண்டு போல்ட் கழட்டி உள்ள டார்ச் அடிச்சு பிஸ்டன பாருங்க. வழவழன்னு இருந்தா நல்லது, நெட்டுக்குத்தா கோடு கோடா கீறி இருந்தா ஆயில் கலக்காம ஓட்டி இருக்காங்க, இலவசமா குடுத்தாலும் வேணாம். ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுக்கும்போது முன் கார்ட தள்ளுங்க, செயின் அந்த நொடியே நிக்கணும். நிக்கலன்னா அந்த மெஷின மரத்துக்கு மேல கொண்டு போகவே கூடாது. எங்க கடைக்கு வர்ற பாதி மெஷின்ல அந்த கார்டையே ஒடச்சுட்டு கொண்டு வராங்க, எடைஞ்சலா இருக்காம். அத பாக்கும்போது எனக்கு வயிறு எரியுது ப்ரோ.

செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு, அதான் பார், அதோட நுனில மேல் பாதி எதுலயாவது பட்டா மெஷின் உங்க மூஞ்சிய நோக்கி எகிறும், யோசிக்க நேரம் இருக்காது. அதுக்குத்தான் பிரேக்கு, அதுக்குத்தான் ரெண்டு கையும் மெஷின்ல இருக்கணும்னு சொல்றது, கட்டை விரல் ஹேண்டிலுக்கு அடில சுத்தி புடிச்சிருக்கணும். ஒரு கையில கிளைய புடிச்சுகினு ஒரு கையில மெஷின் ஓட்டறத நான் தினமும் பாக்குறேன். அப்படி ஓட்டினவர் ஒருத்தருக்கு எடது மணிக்கட்டு நரம்பு போயி ஸ்டான்லி ஆஸ்பத்திரில கை ஆபரேஷன் பண்ணி விரல காப்பாத்தி குடுத்தாங்க, இப்ப டீ கிளாஸ் புடிக்கறார், ரம்பம் புடிக்க முடியல.

வீட்டு வேலைக்கு ஸ்டில் எம்.எஸ். 180 மாதிரி 31.8 சிசி மெஷின், 14 இல்ல 16 இஞ்ச் பார், தாராளமா போதும். பெட்ரோல் கலவை கம்பெனி ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, அது கெடைக்கலன்னு சாதா நல்ல டூ-டி ஆயில் ஊத்தினா லிட்டருக்கு 40 மில்லி, இது மெஷின் கூட வர்ற புக்குலயே இருக்கு, யாரும் படிக்கறதில்ல. செயின் ஆயிலுக்கு பதிலா வண்டில எடுத்த கழிவு ஆயில் ஊத்தறாங்க, அதுல இரும்புத் தூள் இருக்கும், பார் ஆறு மாசத்துல போயிடும். ஆயில் வருதான்னு பாக்க வெள்ளை அட்டை மேல ஒரு சாண் தூரத்துல பார் நுனிய காட்டி ரேஸ் குடுங்க, அட்டைல கோடு மாதிரி ஆயில் தெறிக்கணும்.

அரம் போட கத்துக்கங்க, இத மட்டும் யார் கிட்டயும் விடாதீங்க. அந்த சைஸ் செயினுக்கு 4 மில்லி உருண்டை அரம். பல்லுல 30 டிகிரி கோடு போட்டிருக்கும், அதுக்கு நேரா வெச்சு உள்ளேர்ந்து வெளிய தள்ளுங்க, இழுக்கக் கூடாது, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ரெண்டு தள்ளுன்னா ரெண்டே. மரத்தூள் சில்லு சில்லா விழுந்தா கூர் இருக்கு, மாவு மாதிரி விழுந்தா கூர் போச்சு. கூர் போன செயின அமுக்கி அமுக்கி ஓட்டும்போதுதான் ஆக்சிடென்ட் ஆவுது. ரெண்டு வாரத்துக்கு மேல வேலை இல்லன்னா டேங்க் பெட்ரோல கொட்டிட்டு தானா நிக்கிற வரைக்கும் ஓட்டி வெய்யுங்க, இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் ஜவ்வ கெடுத்துடுது.

தண்டையார்பேட்டை லைன்மேன் (ரிட்டயர்டு)

தம்பி, சர்வீஸ் ஒயர் மேல சாஞ்ச வேப்பங்கிளைய எடுக்குறோம்னு சாதாரணமா எழுதிட்டீங்க. 31 வருஷம் கம்பம் ஏறினவன் சொல்றேன், அந்த வரிய படிச்சதும் மனசு பக்குனு ஆச்சு.

பச்சக் கிளைல ஈரம் இருக்கு, மழை பெஞ்சா நைலான் கயித்துலயும் ஈரம் இருக்கு, மூங்கில் ஏணிலயும் இருக்கு. இருபது வருஷ சர்வீஸ் ஒயர்ல மேல் ரப்பர் எங்க வெடிச்சிருக்குன்னு கீழேர்ந்து தெரியாது. வீட்டுல மெயின ஆஃப் பண்ணா போதும்னு நெனைக்காதீங்க, மெயினுக்கு இந்தப் பக்கம் கம்பத்துலேர்ந்து வர்ற ஒயர்ல கரண்ட் அப்படியே இருக்கும். செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லைன் கிளியர் வாங்கி, அவங்க ஆள் வந்து கம்பத்துல துண்டிச்சு, டெஸ்ட் பண்ணி, எர்த் பண்ணப்புறம்தான் ஏறணும். மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், நம்பர் 94987 94987, எந்நேரமும் எடுப்பாங்க. ஒரு நாள் லேட் ஆவும், ஆகட்டும்.

11 கே.வி., அதாவது 11,000 வோல்ட் லைன் போற எடத்துல நீங்க தொடவே வேணாம், கிட்ட போனாலே போதும். மாதவரம், மணலி பக்கம் மேல போற லைன் இன்னும் நெறைய இருக்கு. இரும்பு பைப்புல தொரட்டி கட்டி மாங்கா, முருங்கக்கா பறிக்கப் போயி இறந்தவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன், அலுமினிய ஏணியும் அதே. உங்க கிட்ட இரும்பு பைப் தொரட்டி இருந்தா இன்னிக்கே பழைய இரும்புக்கு போட்டுடுங்க.

புயல் சமயத்துல இன்னொண்ணு. நம்ம பக்கம் பல தெருவுல கேபிள் மண்ணுக்கடில போவுது. மரம் வேரோட சாயும்போது வேரு அந்தக் கேபிளையும் சேத்து மேல தூக்கினு வரும். வேர் மாதிரியே கருப்பா இருக்கும், மண்ணு அப்பியிருக்கும். அத வேருன்னு நெனச்சு கோடாலி போட்டா முடிஞ்சுது. கரண்ட் இல்லாத தெருவுல யாராவது ஜெனரேட்டர் போட்டு மாத்தி குடுத்திருந்தாலும் செத்த லைன்ல உயிர் வரும். தெருவே இருட்டா இருந்தாலும் லைன் உயிரோட இருக்குன்னே நெனச்சுக்கங்க.

அப்புறம் உங்க மாமா கிட்டயும் சொல்லுங்க, பேங்க் அக்கவுன்ட்ல பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, வருஷத்துக்கு 20 ரூபா, விபத்துல இறப்புக்கு 2 லட்சம், 18லேர்ந்து 70 வயசு வரைக்கும். பாங்க்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து போடணும், அவ்வளவுதான். அமைப்புசாரா தொழிலாளருக்கான இ-ஷ்ரம்லயும், உடலுழைப்பு தொழிலாளர் நல வாரியத்துலயும் பதிஞ்சுடுங்க. 30 வருஷம் ஒருத்தர் ஒழைச்சிருக்கார், எந்த நோட்டுலயும் அவர் பேர் இல்லங்கறது எனக்கு கஷ்டமா இருக்கு.

பெரம்பூர் டீச்சர்

தம்பி, நான் மரம் ஏறினதில்லை, தாவரவியல் சொல்லிக் குடுக்கறேன். எங்க தெரு முனைல ரயில்வே குவார்ட்டர்ஸ் காம்பவுண்ட் ஓரமா பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் உண்டு, வெட்டுறவங்களை நான் நின்னு பாப்பேன், அதனால மரத்தோட பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சொல்றேன்.

கப்பி அண்ணா சொன்ன மூணாவது வெட்டு, அது எங்க விழணும்ங்கறதுதான் மரத்தோட ஆயுசு. கிளை அடிமரத்துல சேர்ற எடத்துல உத்துப் பாத்தா கழுத்துல மடிப்பு விழுந்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். மேல்பக்கம் பட்டை சுருங்கி ஒரு கோடு ஓடும். அந்தப் புடைப்புக்கு வெளிய வெட்டணும். அடிமரத்தோட ஒட்ட வழிச்சு வெட்டினா பாக்க சுத்தமா இருக்கும், ஆனா காயத்த மூடுற திசு அந்தப் புடைப்புலதான் இருக்கு, அதையே எடுத்துடுறோம். முண்டு விட்டு வெட்டினாலும் தப்பு, அந்த முண்டு மக்கி உள்ள வழி விட்டுடும். மனுஷன் தோல் மாதிரி மரத்துக்கு காயம் ஆறாது, கெட்டுப்போன பகுதிய சுவர் கட்டி ஒதுக்கிட்டு மேல புதுசா வளரும். அமெரிக்க வனத்துறைல இருந்த அலெக்ஸ் ஷைகோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் செயின் சாவால ஏராளமான மரங்கள நெட்டுக்குத்தா பொளந்து பாத்துதான் இத வெளிய சொன்னார். சரியா வெட்டின காயம் வட்டமா உதடு மாதிரி சுத்தி வளர்ந்து வரும், ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க வெட்டின மரத்த போய் பாருங்க, உங்க கைவேலை எப்படின்னு மரமே காட்டும். தெரு மரத்துக்கு வெட்டின எடத்துல தார் பூசறது வேண்டாம், ஈரத்த உள்ள அடைச்சு வெக்குது.

இன்னொரு வேண்டுகோள். மொட்டை அடிக்கச் சொல்லி கேப்பாங்க, இலை விழுது, மாடி குப்பையாவுதுன்னு. மொட்டை அடிச்ச எடத்துலேர்ந்து கொத்து கொத்தா குச்சி கெளம்பும், அது மேல் பட்டைலதான் ஒட்டிகினு இருக்கும், நாலு வருஷத்துல கனமாயி காத்துல மொதல்ல முறியறது அதுதான். வீட்டுக்காரங்களுக்கு இத நிதானமா சொன்னா புரிஞ்சுக்கறாங்க, எங்க மாடி வீட்டம்மா புரிஞ்சுகிட்டாங்க. தெரு மரம்னா மாநகராட்சி அனுமதி இல்லாம கிளை கூட வெட்டக் கூடாது, 1913க்கு போன் பண்ணா மண்டல அலுவலகத்துக்கு போவும். ராத்திரியோட ராத்திரியா எடுத்துக் குடுங்கன்னு யாராவது ரெண்டு மடங்கு கூலி பேசினா, தயவுசெய்து வேண்டாம் தம்பி.

கொடுங்கையூர் 24

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன், மாமாவுக்கும் படிச்சு காமிச்சேன். மொதல்ல ஒண்ணும் சொல்லாம கேட்டுகினு இருந்தார், அரசமரத்துல கயிறு அறுந்தது படிக்கும்போது மட்டும் அந்த அண்ணன் எந்த ஊருன்னு கேட்டார்.

நேத்து சாயங்காலம் மாமாவோட காசிமேட்டு கயிற மாடில விரிச்சுப் போட்டு ஒவ்வொரு அடியா பாத்தேன். மேல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் வெளுத்திருந்துச்சு. முறுக்க எதிர்ப்பக்கம் திருப்பி புரிய பிரிச்சு உள்ள பாத்தா வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது, நடு நரம்பு நகத்தால நிமிண்டினா உதிருது. நுனிலேர்ந்து 22வது அடில ஒரு எடத்துல மூணு புரில ஒண்ணு பாதி அறுந்தே இருக்கு. அதுலதான் மாமா இத்தன வருஷம் இடுப்புல கட்டிகினு தொங்கியிருக்கார். நான் கூப்ட்டு காமிச்சேன். கைல வாங்கி விரலால தேச்சுப் பாத்துகினே இருந்தார். அப்புறம் அவரே அரிவாள் எடுத்துகினு வந்து, யாரும் மறுபடி எடுத்து கட்டிடக் கூடாதுன்னு, கயிற முழுக்க முழக்கணக்குல துண்டு துண்டா வெட்டிப் போட்டார்.

மெஷின் வேணாம்னு அந்த ஆள்கிட்ட சொல்லிட்டேன். வீட்டுல கெடந்த இரும்புத் தொரட்டியையும் பழைய இரும்புக்கு போட்டாச்சு. பாங்க்ல நாளைக்கு போறோம். சனிக்கெழம பாரீஸ் கார்னர் போலாம்னு இருக்கோம், பெல்ட்டு ரெண்டு எடுக்கணும், மாமாவுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. கப்பி அண்ணா, ஏறுற கயிறு 30 மீட்டர் போதுமா இல்ல 45 எடுக்கணுமா? ரெண்டு பெல்ட்டு எடுத்தா காசு கொஞ்சம் இழுக்குது.

ஓட்டேரி கப்பி

45 எடு. கயிறு கவை மேல போயி திரும்பி வரணும், 50 அடி ஒசரத்துல தொங்கினா அங்கயே 30 மீட்டர் தீந்துச்சு, முடிச்சுக்கு மிச்சம் இருக்காது, கயித்து நுனி தரைய தொடாம எறங்கினா நுனிலேர்ந்து நழுவிடுவ. நுனில எப்பவும் ஒரு முடிச்சு போட்டு வெய்.

காசு பத்தலன்னா எறக்குற கயிறு இப்ப வாங்காத, என்கிட்ட நீலம் ஒண்ணு எச்சா இருக்கு, போன மாசம் வாங்கினது, அத எடுத்துக்க. சனிக்கெழம கடைல பெல்ட்ட மாட்டிப் பாக்கும்போது மாமாவையும் தொங்க வெச்சுப் பாரு. ஞாயித்துக்கெழம காலைல ஆறரைக்கு ஓட்டேரி பாலத்துகிட்ட வாங்க, ரெண்டு பேரும். பக்கத்துல ஒரு வேப்பமரம் இருக்கு, தாழ்வான கவை, பத்தடிதான். மாமாவ மொதல்ல ஏத்தலாம்.